கலர் பாட்டிலை விட்டுவிட்டு வேறு என்ன குடிக்கலாம்?

குமரி மாவட்டத்தில் கலர் (கேஸ் நிரப்பிய இனிப்புப் பானம்) குடிக்காதவர் வீட்டுக்குள்ளும் கலர் பாட்டில் வந்துவிடும். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கடைக்கு ஓடவிடுவோம். புரோட்டாவுக்கு ஒன்று, பிரியாணிக்கு ஒன்று, கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் இரண்டு லிட்டர் பாட்டிலாகவே வாங்கி வைப்போம். இதை விட வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கலரை நிறுத்திவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடிப்பது. நான்காம் நாள் கை மறுபடியும் பாட்டிலுக்குப் போகும். கலர் நமக்கு ஐந்து விஷயங்களைத் தருகிறது: குளிர்ச்சி, கேஸின் சுருக்கென்ற ஏற்றம், புளிப்பு, இனிப்பு, கோலா வகைகளில் காஃபின். பச்சைத் தண்ணீரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உங்கள் நாக்கு இந்த ஐந்தில் எதைத் தேடுகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தரும் பானத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால்தான் இந்தப் பழக்கம் விடும்.

கண்டுபிடிக்க மூன்று நாள் போதும். குடிக்கிற ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கூடத் தின்றது என்ன, எத்தனை மில்லி என்று குறித்து வையுங்கள். அந்த மூன்று நாளில் ஒரு தடவை, கலருக்குப் பதில் நன்றாகக் குளிர்ந்த வெறும் சோடா குடித்துப் பாருங்கள். அதிலேயே ஆசை தீர்ந்தால் நீங்கள் தேடியது கேஸ். உப்புப் போட்ட எலுமிச்சை நீரில் தீர்ந்தால் புளிப்பும் குளிர்ச்சியும். எதிலும் தீராமல் சாயங்காலம் தலை கனத்தால், காஃபினைச் சந்தேகிக்க வேண்டும்.

சீனிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டிலின் பின்புறம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலும் 10 முதல் 13 கிராம் வரை. 300 மில்லி குடித்தால் 30 கிராமுக்கு மேல், அதாவது ஏறக்குறைய எட்டு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் கூடுதல் நன்மை என்கிறது. ஒரே பாட்டிலில் அது தாண்டிவிடும். 2017இல் வணிகர்கள் வெளிநாட்டு கோலாக்களைப் புறக்கணித்தபோது பலர் நாட்டுக் கலருக்கு மாறினார்கள். கடைக்காரருக்கு அது நல்ல மாற்றம்தான். உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சீனி. பன்னீர் சோடாவும் அப்படியே.

முதலில் காஃபின்

தினமும் கோலா குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. 300 மில்லி கோலாவில் சுமார் 30 மில்லிகிராம் காஃபின் இருக்கும். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். இதைச் "சூடு பிடித்துவிட்டது" என்று நினைத்துக் கலரைத் திரும்பத் தொடுபவர்கள் அதிகம். மாற்று நம் கையிலேயே இருக்கிறது: கோலா குடித்த அதே நேரத்தில் ஒரு கிளாஸ் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேயிலை). காஃபினுக்கு அது தாராளமாகப் போதும். சுக்கு காப்பி இங்கே உதவாது. காப்பிப்பொடி சேர்க்காத சுக்கு காப்பியில் காஃபினே கிடையாது.

குளிர்ச்சியும் வேண்டும் என்றால், ஒரு லிட்டர் ஆறிய வெள்ளத்தில் (தண்ணீரில்) இரண்டு டீஸ்பூன் தேயிலை போட்டு மூடி, பிரிட்ஜில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். கொதிக்கவைத்த தேயிலையைக் குளிரவைத்தால் கலங்கிப் போகும், கசப்பும் கூடும். குளிர்வெள்ளத்தில் ஊறியது தெளிவாக இருக்கும், சீனி இல்லாமலே இறங்கும். இரவு ஏழு மணிக்கு மேல் வேண்டாம்.

கேஸுக்கு

கேஸைத் தேடுபவர்களுக்கு வெறும் சோடா நல்ல பாலம். முதல் வாரம் கலரும் சோடாவும் பாதிப் பாதி. இரண்டாம் வாரம் ஒரு பங்கு கலருக்கு இரண்டு பங்கு சோடா. மூன்றாம் வாரம் கலரை விட்டுவிட்டு சோடா போஞ்சி, அதாவது எலுமிச்சை பிழிந்த சோடா. நாக்கு இனிப்பை மறக்கச் சில வாரம் எடுக்கும், அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

சோடா போஞ்சிக்கு 250 மில்லி சோடா, அரை எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு, தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு. இதில் வரிசைதான் முக்கியம். சோடாவை ஊற்றிய பிறகு உப்பைப் போட்டால் உப்புத் துகளைப் பிடித்துக்கொண்டு கேஸ் மொத்தமும் நுரையாகப் பொங்கி வெளியேறும். குடிக்கையில் சப்பென்று இருக்கும். அதனால் உப்பை எலுமிச்சைச் சாற்றில் முதலில் கரைத்து, கிளாஸைச் சாய்த்து, ஓரமாகச் சோடாவை ஊற்றுங்கள். சோடா பாட்டில் திறக்கும் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். சூடான சோடாவில் ஐஸ் போட்டாலும் கேஸ் போய்விடும், குளிர்ந்த திரவத்தில்தான் அது தங்கும். எலுமிச்சையை நசுக்கி, தோலைத் திருகிப் பிழிந்தால் கசக்கும். லேசாக அழுத்தி, விதை நீக்கி எடுங்கள்.

கடையில் கேட்கும்போது "சீனி வேண்டாம், உப்பும் இஞ்சியும் போட்டு" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். பழக்கப்பட்ட கை இரண்டு கரண்டி சீனிப்பாகை ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு "வாயு போக" என்று குடிப்பதைப் பற்றி ஒன்று: அந்த ஏப்பத்தில் வருவது பெரும்பாலும் நீங்கள் அப்போது குடித்த கேஸ்தான். வயிற்றில் ஏற்கெனவே இருந்த பாரம் அப்படியே கிடக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் சோடாகூடச் சேராது. அவர்கள் அடுத்துச் சொல்லும் மோருக்கு நேராகப் போகலாம்.

காந்தாரி மோர்

நம் மாற்றுகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும். கேஸ் வாயில் தரும் சுருக்கென்ற உணர்வையும் மிளகாயின் எரிவையும் மூளைக்குக் கொண்டுபோவது முகத்தின் ஒரே நரம்பு. அதனால் இஞ்சியும் காந்தாரி மிளகாயும் போட்ட மோர், கேஸே இல்லாமல் அந்த ஆசையை அடக்கும்.

ஒரு தம்ளர் புளிக்காத தயிர், நான்கு தம்ளர் வெள்ளம். மத்தால் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிடுங்கள். சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நான்கு, காந்தாரி இரண்டு, இஞ்சி அரை அங்குலம், கறிவேப்பிலை ஒரு கொத்து, கிடைத்தால் நாரத்தை இலை இரண்டு. இவற்றை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, முக்கால் டீஸ்பூன் உப்புச் சேர்த்து, அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் அரைத்தால் உள்ளி நெடி மேலெழும், இலை கசக்கும். நாரத்தை இலையை இரவு முழுக்க ஊறவிட்டாலும் அதே கசப்பு. தயிர் புளித்திருந்தால் சரிசெய்யச் சீனி போடாதீர்கள், வெள்ளத்தைக் கூட்டுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்க வேண்டும்.

காரமான இறைச்சிக்குப் பிறகு மோர் நன்றாகவே வேலை செய்யும், பாலின் புரதம் மிளகாய் எரிவை நாக்கிலிருந்து கழுவிவிடும். மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) தின்ற பிறகு மோர் குடிக்காத வீடுகள் நம் பக்கம் ஏராளம். அங்கே வெதுவெதுப்பான சீரகவெள்ளம் வையுங்கள்: லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சீரகம், வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கருகவிட்டால் கசக்கும்.

நன்னாரி

இனிப்பையும் மணத்தையும் தேடுபவர்களுக்கு நன்னாரி. கடைச் சர்பத்தில் ஊற்றும் பாகு பாதிக்கு மேல் சீனி. 30 மில்லியிலேயே 20 கிராமைத் தாண்டும். வேர் வாங்கி வீட்டில் செய்தால் சீனி உங்கள் கையில்.

50 கிராம் வேரை மண் போகக் கழுவி, நசுக்கி, நடுவிலுள்ள வெள்ளைக் குச்சியை எடுத்துவிடுங்கள். மணம் தோலில்தான் இருக்கிறது. அரை லிட்டர் வெள்ளத்தைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகே வேரைப் போட்டு, உடனே மூடி, இரவு முழுக்க விடுங்கள். வேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் வீடு மணக்கும், கிளாஸ் மணக்காது. நன்னாரியின் மணப்பொருள் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். சீனி இல்லாததால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாளுக்கு மேல் நிற்காது, உறையவைத்தால் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு கிளாஸுக்கு இரண்டு கட்டி, கால் எலுமிச்சை, ஒரு டீஸ்பூன் சீனி. இரண்டு வாரம் கழித்து அரை டீஸ்பூன்.

பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் நிறம். பதிமுகம் என்ற மரச்சீவல் ஒரு சிட்டிகை லிட்டர் வெள்ளத்தில் ஐந்து நிமிடம் கொதித்தால் நல்ல ரோஸ் நிறம் வரும். ஆறிய பிறகு பிள்ளையின் கையிலேயே எலுமிச்சையைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். புளிப்புப் பட்டதும் நிறம் மஞ்சளாக மாறும். அதற்காகவே மறுநாளும் கேட்பார்கள்.

அக்கானி, கருக்கு, தேன்

நாட்டுப் பொருள் என்பதால் சீனி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அக்கானியில் (பதநீரில்) 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும், கலருக்கு ஏறக்குறைய சமம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய நல்ல அக்கானி, பனங்காலத்தில், காலையில், ஒரு பட்டை (பனையோலைக் குவளை): அது குடிக்க வேண்டிய பொருள்தான், ஆனால் அன்றாடக் கலருக்கு மாற்றாக வைக்காதீர்கள். மதியத்துக்கு மேல் நுரைத்துப் புளித்தால் கள்ளாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருப்பட்டியும் மார்த்தாண்டம் தேனும் சர்க்கரைக் கணக்கில் சேர்ந்தவையே.

கருக்கு (இளநீர்) வேறு கணக்கு. 100 மில்லிக்குப் பெரும்பாலும் 5 கிராமுக்குள்ளேதான். தினம் ஒன்று குடிக்கலாம். பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

"டயட்" என்று போட்ட பாட்டிலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எடை குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. அமிலமும் இனிப்புப் பழக்கமும் அப்படியே இருக்கும். சில வாரப் பாலமாக மட்டும் சரி.

அமிலம் என்றதும் போஞ்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலுமிச்சையும் கோலாவைப் போலவே பல் எனாமலைக் கரைக்கும். நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காக உறிஞ்சாமல், ஒரே இருப்பில் குடித்து, வாயைக் கொப்பளித்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பல் தேய்க்காதீர்கள், இளகிய எனாமல் பிரஷோடு போய்விடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தினசரிக் கலரை நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கினால் மட்டும் சீனியுள்ள பானம் 150 மில்லி உடனே குடிக்க வேண்டும். அது மருந்து, இந்தத் தடையில் சேராது.

வீட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்குவதை முதல் நாளே நிறுத்துங்கள். மூடி திறந்தால் கேஸ் போகும் என்பதற்காகவே மிச்சத்தையும் குடித்துத் தீர்ப்போம். ஆசை தாங்காத நாளில் கடைக்குப் போய், இருப்பதிலேயே சிறிய பாட்டிலை வாங்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டு வாருங்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் கிளாஸில் சீரகவெள்ளத்தை நிரப்பச் சொல்லிவிடுங்கள், காலிக் கிளாஸில்தான் கலர் ஊற்றுவார்கள். மாசியில் மண்டைக்காடு கோயில் கொடைக்கும் மார்கழியில் சுசீந்திரம் தேருக்கும் போகிறவர்கள் முந்தின இரவே ஸ்டீல் பாட்டிலில் முக்கால் பாகம் நன்னாரி வெள்ளம் ஊற்றி உறையவிட்டு, புறப்படும்போது மீதிக்கு வெள்ளம் நிரப்பினால் மதியம் வரை குளிர்ச்சி நிற்கும். கழுத்துவரை நிரப்பி உறையவிட்டால் பாட்டில் பிதுங்கும், மூடி திறக்காது.