மாருதி 800-க்கு நாமே இன்ஜின் மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

"அதே 796 சிசி, அதே மூணு சிலிண்டர். கண்ணை மூடிட்டுப் போடலாம் சார்." இப்படிச் சொல்லித்தான் ஒரு காயலான் கடைக்காரர் என் தலையில் ஆம்னி இன்ஜினைக் கட்டினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கார்புரேட்டர் காலத்து 800, ஆம்னி இரண்டிலும் இருப்பது சுசுகியின் எஃப்8பி இன்ஜின்தான். ஆனால் 800-இல் அது பானெட்டுக்குள் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆம்னியிலோ முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருந்துகொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வீட்டு வாசலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மவுண்டிங் பிராக்கெட்டே ஒத்துப்போகவில்லை என்பது உறைத்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பாதி விலைதான் கிடைத்தது.

1983 டிசம்பரில் முதல் வண்டி சாவி கைமாறியதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 800 வந்துகொண்டே இருந்தது. அதனால் பழைய சாமானுக்குப் பஞ்சமில்லை. வண்டியே சுமார் 650 கிலோதான். வீட்டில் இன்ஜின் மாற்றிப் பழக இதைவிட நல்ல கார் நம் ஊரில் இல்லை என்பேன். பலர் நினைப்பதுபோல இன்ஜினைத் தூக்கி இறக்குவது கஷ்டமான வேலையும் இல்லை, இரண்டு பேர் இருந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். சறுக்குவதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

உண்மையில் இன்ஜின் போய்விட்டதா?

புகை வந்தால் "இன்ஜின் போச்சு", கியர் கடித்தால் "பெட்டி (கியர்பாக்ஸ்) போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதலில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கோளாறு மேலே, வால்விலோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்ய வேண்டியதற்கு முழு இன்ஜின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் இது இன்னும் மோசம். கியர் விழவில்லை, ரிவர்ஸ் கடிக்கிறது என்றால் கிளட்ச் கேபிள் நீண்டிருக்கலாம். கியர் ராடின் முனையில் இருக்கும் புஷ் தேய்ந்து கம்பி ஆடிக்கொண்டிருக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒருவரை கியர் போடச் சொல்லிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் பெட்டிக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மிதித்தால்தான் இரைச்சல் வருகிறது என்றால் அது கிளட்ச்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங். அதற்குப் பெட்டியை இறக்கத்தான் வேண்டும், ஆனால் வேறு பெட்டி வாங்க வேண்டியதில்லை.

வாங்கும்போது

பழைய சாமான் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, எங்கே போனாலும் கையில் ஒரு ஸ்பேனர் செட்டும் டார்ச்சும் இருக்கட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். தேங்காய்ப்பால் கலந்த காபி மாதிரி நுரை அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்ச தூரமே ஓடிய வண்டியில் மூடியில் மட்டும் லேசாகப் படியும், அதற்குப் பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் கையைக் கழுவிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுக்கிப் பிடித்தாலோ, கம்ப்ரஷனே தெரியாமல் வழுவழுவென்று சுற்றினாலோ வேண்டாம். கியர்பாக்ஸ் என்றால் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி மினுமினுப்பு இருந்தால் பரவாயில்லை, அந்த வயதுக்கு அது இயல்பு. நகக்கண் அளவுக்குத் துண்டு தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது.

கார்புரேட்டர் வண்டிக்கு, கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வாங்காதீர்கள். விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அதற்கு வேண்டிய ஒயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, டேங்குக்குள் பம்ப் எல்லாம் சேர்த்தால் வண்டி விலையைத் தாண்டிவிடும். 4 கியர் வண்டிக்கு 5 கியர் பெட்டி போடும் ஆசையும் இப்படித்தான். மவுண்டிங், கியர் ராடு, ஆக்சில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது.

ஆனால் வாங்கும்போது செய்கிற பெரிய தவறு காகிதத்தில்தான். இன்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. எண் பொறித்திருக்கும் பிளாக்கை மாற்றினால் அந்த எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 இதைப் பற்றித்தான் பேசுகிறது. இன்ஜின் மாற்றப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். அதற்கு, இந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்டும் பில்லும், கிடைத்தால் அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் இருக்க வேண்டும். "பில் எல்லாம் எதுக்கு சார்" என்கிற கடையில் நான் டீகூடக் குடிப்பதில்லை. திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் வாசலில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்ப்பார். பழைய கார் வைத்திருப்பவருக்கு அந்த நாள் வந்தே தீரும். பழைய எண்ணையே புதிய பிளாக்கில் பஞ்ச் பண்ணித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எண் மாறியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கழற்றும் நாள்

800-இல் பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேல்வழியாகத் தூக்குவது சுலபம். சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை எதில் மாட்டுவது என்பதுதான் கேள்வி. மாமரக் கிளை, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் குறுக்குக் குழாய் எல்லாம் பார்த்திருக்கிறேன். முருங்கைக் கிளையில் மாட்டிய ஒரு மகானையும் பார்த்திருக்கிறேன். அன்று அடிபட்டது ரேடியேட்டர் மட்டும் என்பது அவர் அதிர்ஷ்டம். கட்டடம் கட்டுபவர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும் இரும்பு முக்காலி போதும். வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் வைக்காதீர்கள். அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொடிந்து போகும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வையுங்கள்.

ஆக்சில் நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி லூஸ் பண்ணிவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு நான்கடிக் குழாயைப் போட்டு இழுத்தால் நட்டு அசைவதற்கு முன்னால் வண்டி அசையும். ஆக்சிலைப் பெட்டியிலிருந்து பிடுங்குவதற்கு முன் கியர் ஆயிலை வடித்துவிட வேண்டும். மறந்தால் அது உங்கள் சட்டையில் வடியும், அந்த நாற்றம் மூன்று துவைப்புக்குப் போகாது.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸை அடைத்துக் கட்டுங்கள். ரேடியேட்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள், ஊஞ்சலாடும் இன்ஜின் அதன் மேல்தான் போய் இடிக்கும். கார்புரேட்டர் மாடலில் வேக்கம் ஹோஸ்கள் இடியாப்பம் மாதிரிப் பின்னிக் கிடக்கும். ஹோஸுக்கும் அது போகும் வாய்க்கும் ஒரே எண் போட்டு டேப் ஒட்டுங்கள். போனில் படம் எடுத்தால் போதும் என்று நினைப்போம். மாலையில் பார்த்தால் எல்லாப் படத்திலும் கறுப்பு ஹோஸ் கறுப்பு நிழலில் இருக்கும்.

தூக்கத் தொடங்கி நாலு விரல் உயரம் வந்ததும் நிறுத்துங்கள். சுற்றிவந்து பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒயர், கியர் ராடு, ஹீட்டர் ஹோஸ், எர்த் ஒயர் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் மாட்டியிருக்கும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்யும் கஞ்சத்தனம்

இன்ஜின் தரையில் இருக்கும்போது கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றப் பத்து நிமிடம் போதும். உள்ளே போட்ட பிறகு அது ஒழுகினால் மறுபடி முழுக்கக் கழற்ற வேண்டும். பெட்டியின் சீல்கள், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் செட் எல்லாம் இதே கணக்குதான். "இன்னும் ஓடும் போலிருக்கே" என்று பழைய கிளட்ச் பிளேட்டையே திருப்பிப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே வருடத்தில் இன்னொரு முறை செயின் பிளாக் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கிளட்ச் பிளேட்டைத் தலைகீழாகப் போடுவதும் நடக்கும். ஸ்பிரிங் இருக்கும் மேடான பக்கம் ஃபிளைவீலைப் பார்க்காமல் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். நடுமையம் சரியாக இல்லையென்றால் பெட்டி உள்ளே போகாது. பெட்டியிலிருந்து கிளட்ச்சுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட் பழையது ஒன்று கிடைத்தால் அதைச் செருகிப் பிடித்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை முடுக்குங்கள்.

இப்போது கை அதிகம் துறுதுறுக்கும் இடம். இன்ஜினும் பெட்டியும் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடும், மேலே போகாது. போல்ட்டைப் போட்டு முடுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று தோன்றும். செய்யாதீர்கள். போல்ட் இழுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது பெட்டியின் அலுமினியக் காது 'டிக்' என்று உடையும். பெட்டியை ஏதாவது ஒரு கியரில் போட்டு, ஆக்சில் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். பல் சேர்ந்ததும் கையாலேயே முழுக்க உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் போல்ட். இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பொருத்தும் இரண்டு டவல் பின்னும் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், கழற்றிய இன்ஜினோடு அவை காயலான் கடைக்குப் போய்விடுவதுண்டு.

எர்த் ஒயர்

இதற்குத் தனித் தலைப்பு தேவையா என்று கேட்கலாம். நான் பட்ட பாடு அப்படி.

எல்லாம் மாட்டி முடித்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் 'க்ர்ர்' என்று சோம்பலாக முனகியது. பேட்டரி வீக் என்று நினைத்து மறுபடி திருப்பினேன், மறுபடியும். மூன்றாம் முறை டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. கிளட்ச் கேபிளைத் தொட்ட விரலில் கொப்புளம். கூட உதவிக்கு இருந்த பழைய மெக்கானிக் ஒருவர், "தம்பி, இன்ஜினுக்கு எர்த் கொடுத்தியா?" என்றார். கொடுக்கவில்லை. அந்தப் பட்டை ஒயர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் ஒயர் இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் பேட்டரிக்குத் திரும்ப வேறு இரும்பைத் தேடும். அதற்குக் கிடைப்பது கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். அவ்வளவு கரண்டை அந்த மெல்லிய கம்பி தாங்காது. உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால், ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டர் திரும்பி வராது. என் வண்டியில் கிளட்ச் கேபிளோடு போயிற்று. அந்த ஒயரின் இரண்டு முனையையும் பெயிண்ட் போகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். சாவியைத் தொடுவதற்கு முன் அதை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றியாகிவிட்டதா? சிரிக்காதீர்கள், இன்ஜின் ஆயில் ஊற்றிய ஞாபகத்தில் இதை மறப்பவர்கள் உண்டு. கிரேடு மேனுவலில் சொன்னபடி இருக்கட்டும், ஏனென்றால் உள்ளே கியர் கடிக்காமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. ஆக்சில் பெட்டிக்குள் 'டக்' என்று பூட்டிக்கொண்டதா என்று வெளியே இழுத்துப் பாருங்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் காயில் ஒயரையும் எடுத்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை செல்ஃபைச் சுற்றவிடுங்கள். பத்து விநாடி சுற்றி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி. பல மாதம் கடையில் கிடந்த இன்ஜினின் பேரிங்குகள் காய்ந்து போயிருக்கும். ஆயில் ஏறுவதற்கு முன் ஸ்டார்ட் ஆகிவிட்டால் தேய்மானம் அந்த ஒரு நிமிடத்திலேயே நடந்துவிடும். பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சில சுற்று கையாலேயே போடுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அது தனிச் செலவு.

கூலன்ட் ஊற்றியதும் மூடியைப் போட்டுவிடாதீர்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹீட்டரைத் திறந்துவைத்து, குமிழி வருவது நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே காற்று நின்றுவிட்டால் டெம்பரேச்சர் முள் பொய் சொல்லும், ஹெட் அதற்குள் வளைந்துவிடும். மேல் ஹோஸ் கையில் சுடத் தொடங்கி, ஃபேன் தானாக ஓடி நின்ற பிறகுதான் வண்டியைத் தெருவுக்கு எடுங்கள். அன்றைக்கு ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் போதும். மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்து, மவுண்டிங் போல்ட்டுகளுக்கு மறுபடி ஸ்பேனர் போட்டு, வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். சாயங்காலம் அதில் விழுந்திருக்கும் சொட்டு கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், தேன் நிறத்தில் கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட்.