சயனோடைப் படத்தைக் கையால் அச்சிட்டுப் பரிசளிக்கும் முறை

கையால் அச்சிட்ட ஒளிப்படத்தைப் பரிசளிக்க விரும்புவோருக்கு இருட்டறை தேவைப்படாத சயனோடைப் முறையே நல்ல தொடக்கம். 1842-இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறையில், தாளில் பூசிய இரும்பு உப்புகள் வெயில் பட்டு நீல நிறமாக மாறுகின்றன. அடுத்த ஆண்டிலேயே ஆங்கிலத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இவ்வாறு அச்சிட்டு, பகுதி பகுதியாகத் தைத்து, நண்பர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் அனுப்பத் தொடங்கினார்.

யாருக்குத் தரப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே எதை அச்சிடுவது என்று யோசிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போன அக்காவுக்குப் பழைய வீட்டு முருங்கையின் ஓர் ஈர்க்கைப் புத்தகத்துக்குள் ஒரு வாரம் அழுத்தி, தாளின்மேல் நேரடியாக வைத்து அச்சிட்டுத் தரலாம். அதன் ஒவ்வோர் இலையும் உண்மையான அளவிலேயே வெண்மையாகப் பதியும். முகங்களை அச்சிட, படத்தைக் கணினியில் கருப்பு வெள்ளை நெகட்டிவாக (வெளிச்சமும் இருளும் இடம் மாறிய படமாக) மாற்றி, படத்தின் அளவிலேயே ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை நிற அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லி நீரிலும் கரைத்து, தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை அணிவதும், சமையலறைப் பாத்திரங்களைத் தொடாதிருப்பதும், இரண்டாவது உப்பைக் கடும் அமிலத்துடன் சேர்க்காமலும் சூடாக்காமலும் இருப்பதும் கட்டாயம். அச்சிடும் நாளில் இரண்டையும் சம அளவில் கலந்து, மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் தடித்த பருத்தித் தாளில் மெல்லியதாகப் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். பின்னர் நெகட்டிவையோ ஈர்க்கையோ மேலே வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, உச்சி வெயிலில் சுமார் பத்து நிமிடம் வைத்தால், திறந்திருக்கும் ஓரங்கள் சாம்பல் படர்ந்த வெண்கல நிறத்துக்கு வரும், அப்போது எடுத்துவிடலாம். தண்ணீரில் மூழ்கவைத்ததும் மஞ்சள் பச்சையாக ஒரு சாயம் கரைந்தோடி, அதனடியிலிருந்து வெள்ளைப் பகுதிகள் மெல்லத் தெளியும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் இன்றும் இதைச் செய்கிறேன்.

அலசும் நீரில் கவனம் தேவை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசிய என் முதல் படங்கள் வெளிறிப்போயின, ஏனெனில் இந்த நீலம் காரத்தைத் தாங்காது. முதல் அலசலில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தபின் அந்தக் குறை நீங்கியது. மஞ்சள் முழுவதும் போகும்வரை நீரை மாற்றி மாற்றி அலசி, நிழலில் உலர்த்தினால், ஒரு நாளில் நீலம் முழு ஆழத்துக்கு வந்துவிடும்.

பரிசாகத் தரும்போது தலைப்பு, இடம், நாள் ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரக்கூடும். லேமினேஷனும் செல்லோ டேப்பும் வேண்டவே வேண்டாம். ஃபிரேம் போடுவதானால், நல்லது என்று விற்கப்படும் பல அட்டைகளில் காரமான சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்பட்டிருப்பதால், அது சேராத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெயில் நேரடியாகப் படும் சுவரில் மாட்டக் கூடாது என்பதையும், நீலம் மங்கினால் சில நாட்கள் இருட்டில் வைக்க அது பெருமளவு மீளும் என்பதையும் சிறு சீட்டில் எழுதி உடன் வைத்தால், பெறுபவர் பின்னாளில் தவிக்க மாட்டார்.

நண்பர்கள் பரிமாறிக்கொள்வதானால் தாளின் அளவையும் அனுப்பும் நாளையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது போதும். தரத்தை ஒப்பிட்டுப் பேசுவது முறையன்று, ஏனெனில் பூச்சில் தூரிகை விட்ட கோடுகூட அனுப்பியவரின் கைதான். நன்கு உலர்ந்த படத்தை மெல்லிய தாளில் சுற்றி, அதைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு இடையே வைத்து, நீர் புகாத உறையிலிட்டு அனுப்புங்கள்; மழை மாதங்களில் இதில் சோம்பல் கூடாது. உங்களுக்கு வந்து சேர்ந்த படத்தின் பின்புறத்தில், அனுப்பியவர் எழுதிய வரிக்குக் கீழே, அது கிடைத்த நாளையும் பென்சிலால் குறித்துவையுங்கள்.