கார்ட் நம்பர் உங்கள் கைக்கே வர வேண்டாம்

மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை இணையத்தில் விற்கத் தொடங்கிய புதிதில், ஒருவர் தன் கார்ட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பின்பக்க 3 இலக்கமும் பளிச்சென்று! உடனே அழித்தேன், அவரையும் அழிக்கச் சொன்னேன். பணம் எடுத்த பிறகு அந்த 3 இலக்கத்தை எந்தக் கடையும் சேமித்து வைக்கக்கூடாது என்பது கார்ட் பாதுகாப்பு விதி.

இப்போது பேமண்ட் கேட்வே (வாங்குபவரின் கார்ட்டிலிருந்து பணத்தை எடுத்து நமக்குத் தரும் இணையச் சேவை) லிங்க் மட்டும்தான் அனுப்புகிறேன். வாங்குபவர் கேட்வேயின் பக்கத்திலேயே இலக்கங்களைத் தட்டுவார். வங்கியின் ஓடிபி அவர் போனுக்கே போகும். எனக்கு வருவது பணம் வந்த தகவல் மட்டும்தான். கமிஷன் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

அப்புறம், 'பணம் போட்டாச்சு' என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். கேட்வே கணக்கைத் திறந்து பார்த்துவிட்டே கூரியருக்குக் கொடுங்கள்.