முதலில் கெழுக்களைக் கூட்டுங்கள்

இருபடிச் சமன்பாட்டைக் கண்டதும் காரணி தேடாமல், மூன்று கெழுக்களையும் (x², x ஆகியவற்றின் முன் நிற்கும் எண்கள், கடைசியில் தனியாக நிற்கும் எண்) குறியோடு கூட்டிப் பாருங்கள். 0 வந்தால் ஒரு மூலம், அதாவது சமன்பாட்டின் ஒரு தீர்வு, 1. இன்னொன்று, கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தது. கெழுக்கள் 13, −31, 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 × 18 = 234-ஐக் காரணிகளாகப் பிரிக்கத் திணறவே வேண்டாம்; மூலங்கள் 1, 18/13. அவ்வளவுதான்.

மாறிக்கு 1 போட்டால் இடப்பக்கத்தில் மிஞ்சுவது கெழுக்களின் கூட்டுத்தொகைதான். மூலங்களின் பெருக்கற்பலன் எப்போதும் கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தது என்பதால் மற்றது தானாக வந்துவிடும். முதலும் கடைசியும் சேர்ந்து நடு எண்ணுக்குச் சமமானால் ஒரு மூலம் −1; மற்றது முன்போலவே, ஆனால் குறியை மாற்றிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் 0 இல்லையென்றால் எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்த பிறகே கூட்ட வேண்டும். இரண்டுமே பொருந்தவில்லையா, சரி, வழக்கமான சூத்திரத்துக்குப் போங்கள். அப்புறம், தேர்வில் காரணிப்படுத்தச் சொன்னால் படிகளை எழுதியே ஆக வேண்டும்.