சண்டை நடந்த வரிசையில் பாதாமியைப் பாருங்கள்

முதல் தடவை நான் கர்நாடகத்துப் பாதாமிக்குப் போனது ஹம்பியிலிருந்து, ஒரே நாளில், வாடகைக் காரில். விடியும் முன்னே கிளம்பி பட்டடக்கல்லில் ஒரு மணி நேரம், ஐஹோளேயில் முக்கால் மணி நேரம். பாதாமிக்கு வந்தபோது பாறை கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால், எது எந்த ஊர்க் கோயில் என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே ஹம்பியோடு ஒட்டுப்போடாதீர்கள். பாதாமியில் மூன்று இரவு தங்குங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம்.

நான் காஞ்சிபுரத்துக்காரன். காஞ்சி பல்லவர் தலைநகர், பாதாமி சாளுக்கியர் தலைநகர்; இரண்டும் மாறி மாறிச் சண்டை போட்டதால் எங்களுக்கு இது பழைய பகையாளி ஊர். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் எங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். மண்டபத் தூண் ஒன்றில் பழங்கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்துவிட்டு, கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்த செய்தி அது. அதன் மறுபாதியைப் பட்டடக்கல்லில் பார்ப்பீர்கள்.

போகும் வழி: பெங்களூரு போய், அங்கிருந்து விஜயபுரா, சோலாப்பூர் பக்கம் செல்லும் இரவு ரயில்களில் பாதாமியில் நிற்பதைப் பார்த்துப் பிடிக்கலாம். இல்லையென்றால் ஹூப்ளி வரை ரயில், பிறகு சுமார் நூறு கிலோமீட்டர் பஸ். பாதாமி ஸ்டேஷன் ஊரைவிட்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோ உண்டு, பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். பஸ் போர்டுகள் கன்னடத்தில்தான் இருக்கும். மூன்று ஊர்ப் பெயர்களையும் கன்னட எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கார்க்காரர்கள் தங்களுக்கு வசதியான சுற்றில்தான் கூட்டிப்போவார்கள். நீங்கள் ஐஹோளே, பாதாமி, பட்டடக்கல் என்று போங்கள். சண்டை நடந்த வரிசை அதுதான்.

ஐஹோளே 35 கிலோமீட்டர். முழு நாளைக்கு ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்புங்கள். எல்லாரும் முதலில் இறங்குவது துர்க்கை கோயிலில். பின்புறம் வளைந்த அழகான கட்டடம்தான். துர்க்கம் என்றால் கோட்டை, அதனால் வந்த பெயர், அம்மன் கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் வெயில் ஏறுவதற்குள் மேகுடி குன்றில் ஏறிவிடுங்கள். மேலே இருக்கும் சமணக் கோயிலின் சுவரில் புலவர் ரவிகீர்த்தி கி.பி. 634-இல் எழுதிய கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் மங்கிப்போய்க் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தான் என்கிறது அது. எங்கள் ஊரைப் பற்றி ஒருவன் இப்படி எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. குன்றிலிருந்து இறங்கியதும் ராவண பாடி குகையையும் பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பதில் 642-இல் வந்தது. நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைப் பிடித்தான். வாதாபிதான் பாதாமி. படைக்குத் தலைவராக வந்த பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்ட நாயனார். வந்ததற்குச் சாட்சியாகப் பல்லவன் வெட்டிய கல்வெட்டும் இங்கே பாறையில் இருக்கிறது. அடுத்த நாளைப் பாதாமிக்கே கொடுங்கள். குகைகள் நான்கு, படிகள் உயரமானவை. முழங்கால் வலிக்காரர்கள் காலையிலேயே மெதுவாக ஏறட்டும். என் மனைவி முதல் குகையின் பதினெட்டுக் கை நடராஜர் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வந்தாள். நேரம் முழுக்கச் செலவழிக்க வேண்டிய இடம் மூன்றாவது குகை. கீர்த்திவர்மன் ஆட்சியில் அவன் தம்பி மங்களேசன் செய்வித்தது, 578-இல் முடிந்தது. ஆதிசேஷன் மேல் உட்கார்ந்திருக்கும் விஷ்ணு, காலைத் தூக்கிய திரிவிக்கிரமன், தூண் உச்சிகளில் ஜோடி ஜோடியாகச் சாய்ந்து நிற்கும் ஆண் பெண் சிலைகள். பல்லவப் படை ஊருக்குள் வந்தபோது இவையெல்லாம் இங்கே இருந்தவைதான். காஞ்சியிலிருந்து வந்த சிப்பாய் ஒருவன் இதே இடத்தில் அண்ணாந்து பார்த்திருப்பானோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, குரங்கு ஒன்று என் கையிலிருந்த வாழைப்பழப் பையைப் பிடுங்கிப் போய்விட்டது. கையில் பை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாலையில் அகத்தியர் குளத்தின் மறுகரைக்கு நடங்கள். பூதநாதர் கோயில் மேற்கைப் பார்த்து நிற்கிறது. சாயங்கால வெயில் விழும்போது கல்லும் பின்னால் இருக்கும் மலையும் சேர்ந்து சிவக்கும். அருங்காட்சியகமும் இந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை.

கடைசி நாள் பட்டடக்கல், 22 கிலோமீட்டர். வழியில் மகாகூடத்தில் நிறுத்துங்கள். ஊற்று நீர் வற்றாத குளம் இருக்கிறது. பட்டடக்கல் 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். வட இந்தியக் கோபுரமும் தென்னாட்டு விமானமும் ஒரே புல்வெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வேறு எங்கே நேரம் குறைந்தாலும் விருபாட்சர் கோயிலில் குறைக்காதீர்கள். விக்கிரமாதித்தன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி கட்டியது. கட்டிய தச்சன் பெயர் குண்டன் என்றுகூடக் கல்லில் இருக்கிறது. கைலாசநாதரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு விமானத்தைப் பார்த்ததும் முகஜாடை பிடிபடும். இன்றும் பூஜை நடக்கும் கோயில், செருப்பைக் கழற்ற வேண்டும்.

சாப்பாட்டுக்கு கானாவளி என்று போர்டு போட்ட சின்ன மெஸ்களைத் தேடுங்கள். சோளரொட்டி, கத்தரிக்காய் எண்ணெகாயி, நிலக்கடலைச் சட்னிப்பொடி. இட்லி தேடி அலைய வேண்டாம்.

அரை நாள் மிச்சம் இருந்தால் குளேதகுட்டா போகலாம், ரவிக்கைத் துணிக்குப் பேர்போன நெசவு ஊர். இல்கல் புடவையும் இந்த மாவட்டத்துச் சரக்குதான். எங்கள் வீட்டில் தறி இருந்ததால் நான் புடவையின் முந்தானையைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். காஞ்சிப் பட்டில் வேறு நிற முந்தானையின் பாவு நூலைப் புடவை உடலின் பாவோடு இணைப்பதைப் பிட்னி என்போம். இல்கல்காரர்கள் அதையே கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்கிறார்கள். என் மனைவி இரண்டு வாங்கினாள். கடைக்காரரிடம் காஞ்சிபுரம் என்று ஊர் பேரைச் சொன்னோம், ஐம்பது ரூபாய்கூடக் குறைக்கவில்லை.