பாசி சேர்க்கக் கிளம்பும் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன கிழமை என்னோடு வந்த பிள்ளைகள் மூவரும், இனம் பிரித்துப் பார்க்க எடுத்த பாசியை (பாறை, பட்டை, மண்ணில் பச்சைப் பாயாகப் படரும் moss) ஷொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். ஆரம்பத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பாறை வழுக்கும், அட்டை கடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பாசி என்பது

மரக்கொப்பில் சாம்பல் நிறத் தாடியாகத் தொங்குவது இலைக்கன். பூஞ்சையும் அல்காவும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பீலியடியில் பட்டையாகப் படர்ந்து, முதுகில் குட்டிக் கிண்ணங்கள் வைத்திருப்பது மார்கன்சியா. அது பாசிக்குச் சொந்தம், பாசி அல்ல. கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) ஓரத்து ஈரமண்ணில் பச்சை ஊசியாகக் கொம்பு நீட்டுவதும் அப்படியே.

ஷொப்பிங் பேக்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். தேயிலை மலையில் ஒரு கான் கரையிலிருந்து நாற்பது மாதிரி எடுத்தேன். ஒன்றில் வித்திப்பைகள் (பாசி பரவும் தூள் இருக்கும் பைகள்) நிமிர்ந்து நின்றன. இனம் பிரிக்க அவைதான் பெரிய துணை. எல்லாவற்றையும் பேக்கில் கட்டி, லயத்து வீட்டு மூலையில் வைத்து மறந்துவிட்டேன். ஒரு கிழமை கழித்து அவிழ்த்தால் புளித்த வாடை, வெள்ளைப் பூஞ்சை நூல். தப்பியவையும் வெளிறிய மெல்லிய தண்டு விட்டு ஆளே மாறியிருந்தன. திரும்ப அந்தக் கானுக்குப் போனேன். கரையைச் செதுக்கிச் சுத்தம் பண்ணியிருந்தார்கள்.

பழைய பேப்பரை மடித்து உறை செய்யுங்கள். ஈரத்தைப் பிழிந்து, உறையிலிட்டு, காற்றோட்டமான தட்டில் வையுங்கள், அவ்வளவுதான். பூச்செடி மாதிரி அழுத்திக் காயவைக்க வேண்டாம். பல வருடம் கழித்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுருண்ட இலை விரியும், உருப்பெருக்கும் வில்லையில் வடிவம் தெரியும்.

குறிப்பு எழுதாதது

பாறையா, பட்டையா, மண்ணா? பென்சிலால் எழுதுங்கள். மை கரையும்.

முழுப் பாயையும் உரிப்பது

கட்டைவிரல் அளவு போதும். பாசிக்கு வேர் கிடையாது, இலையாலேயே தண்ணீர் குடிக்கும். ஸ்பாக்னம் பாசி தன் காய்ந்த எடையைப் போல இருபது மடங்கு நீர் பிடிக்கும். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் தரும் ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மரங்களில், மூடுபனியைப் பிடித்துக் கொஞ்சங் கொஞ்சமாகச் சொட்டவிடுவதில் பாசிக்கும் பங்குண்டு. கவ்வாத்துக்குப் (கொப்பு வெட்டியதற்குப்) பிறகு தேயிலைத் தூரில் பாசி சுரண்டுவது வேறு கதை. அதைப் பார்த்துப் பழகிய கை காட்டு மரத்திலும் சுரண்டத் துடிக்கும்.

தேசியப் பூங்காவில் கை வைப்பது

அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு இணுக்குக்கூட வேண்டாம்.