லண்டன் நாடகங்களுக்கு மிஸ்டரி டிக்கெட்: எங்கே சறுக்குகிறோம்?

"இன்னும் எத்தனை படிம்மா?" என்று அத்தை கேட்டபோது மூன்றாவது திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தோம். அதற்கு மேலும் படிகள் போய்க்கொண்டே இருந்தன. "மலைக்கோட்டைக்கு ஏறுறதையே விட்டுப் பத்து வருஷமாச்சு. அங்கயாவது மேலே பிள்ளையார் இருப்பார்" என்றார். திருச்சியிலிருந்து இரண்டு மாதம் எங்களோடு இருக்க வந்தவருக்கு முட்டிவலி உண்டு. எனக்கும் அது தெரியும். டிக்கெட் வாங்கும்போதுதான் மறந்துபோனது.

அது மிஸ்டரி டிக்கெட். இருவருக்கு 48 பவுண்டு. நாடக அரங்குகள் நிறைந்த லண்டன் வெஸ்ட் எண்டில் ஏதோ ஒரு நாடகம். எது என்று பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள். எங்களுக்கு வந்தது நல்ல நகைச்சுவை நாடகம், அதில் குறையே இல்லை. ஆனால் இருக்கை இடது ஓரத்தில், உச்சி மாடியில். மேடையின் இடது மூலை எங்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு நடிகர் அந்தப் பக்கம் ஓடினார், காணாமல் போனார், அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. "அந்த ஆள் எங்க போனான்?" என்று அத்தை கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நானும் என் நண்பர்களுமாகப் பலமுறை இப்படி வாங்கியிருக்கிறோம். எந்த நாடகம் வரும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் நாடகத்தால் யாரும் ஏமாந்ததில்லை. எங்கே உட்காருகிறோம், எந்த நாள், யாரோடு போகிறோம் என்பதில்தான் எல்லாச் சறுக்கலும்.

ஏன் பெயரை மறைத்து விற்கிறார்கள்?

திரை ஏறிவிட்டால் காலி இருக்கைக்குக் காலணா மதிப்பு கிடையாது. அதனால் குறைந்த விலைக்காவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதற்காக "எங்கள் நாடகம் செவ்வாய்க்கிழமை பாதி விலை" என்று ஊரறியச் சொன்னால் முழு விலை கொடுத்தவர் முகம் சுளிப்பார், நாடகம் ஓடவில்லை போலிருக்கிறது என்ற பேச்சும் கிளம்பும். பெயரை மறைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

இது புரிந்தால் என்ன வரும் என்பதையும் ஊகித்துவிடலாம். இருக்கை எல்லாம் விற்றுத் தீர்ந்த நாடகத்தை யாரும் மூட்டைகட்டி விற்கப்போவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை மீந்த இருக்கைகள், பக்கவாட்டு வரிசைகள், மேல்மாடிகள், பல வருடம் ஓடிச் சற்றே தளர்ந்த நாடகங்கள் என்று இந்தக் கூடையில் விழுவது இவைதான். விளம்பரத்தின் உச்சியில் பெரிய படமாக இருக்கும் அந்த ஒரு நாடகத்துக்கு மனக்கோட்டை கட்டுவதுதான் முதல் தவறு. கீழே பொடி எழுத்தில் பட்டியல் இருக்கும். அதில் உங்களுக்கு எது ஆகவே ஆகாதோ, அதுதான் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாங்கத் தோன்றினால் வாங்கலாம். பட்டியலின் முடிவில் 'உள்ளிட்ட' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பட்டியலில் இல்லாததும் வரலாம்.

ஏற்கெனவே பார்த்த நாடகமே திரும்ப வரவும் வாய்ப்புண்டு. மாற்றித் தரும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது.

இன்னொரு குழப்பம், சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடக்கிறது. மிஸ்டரி டிக்கெட் என்றால் மர்ம நாடகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பறியும் கதைதான் வேண்டும் என்றால் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' இருக்கிறது. 1952-இல் தொடங்கியது, கொரோனா காலத்தில் நின்றதைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. 1974 முதல் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கில். கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று முடிவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு நேரடியாகவே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாமே.

பால்கனி என்றால் உயர்ந்த வகுப்பு இல்லை

நம் ஊர் சினிமாக் கொட்டகைப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். நமக்குப் பால்கனி என்றால் காசுள்ளவர்கள் உட்காரும் இடம், தரை டிக்கெட் என்றால் மலிவு. லண்டன் நாடக அரங்கில் இது தலைகீழ். தரைமட்டத்தில் இருக்கும் 'ஸ்டால்ஸ்' விலை கூடியது. அதற்கு மேல் முதல் மாடி 'டிரெஸ் சர்க்கிள்' அல்லது 'ராயல் சர்க்கிள்'. அதுவும் நல்ல இடம்தான். அதற்கும் மேலே 'அப்பர் சர்க்கிள்' அல்லது 'கிராண்ட் சர்க்கிள்'. அதையும் தாண்டிக் கூரைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் 'பால்கனி'. "பால்கனியே கிடைச்சிருக்கு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போன என் நண்பர் ஒருவர், திரும்பி வந்து அந்தச் செய்தியை அழித்தார்.

இந்த அரங்குகளில் பலவும் நூறு வயது தாண்டியவை. பிராங்க் மேட்சம் வடிவமைத்த பலேடியம் 1910, ஸ்பிரேக் வடிவமைத்த செயின்ட் மார்ட்டின்ஸ் 1916. அந்தக் காலத்தில் மலிவு டிக்கெட்காரர்கள் சீமான்களோடு கலக்கக் கூடாது என்று மேல்மாடிக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு வைத்துக் கட்டினார்கள். சில அரங்குகளில் இன்றும் மேல்மாடிக்குப் பக்கச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். மேலே வரை லிஃப்ட் எல்லா இடத்திலும் இல்லை. வரிசைகள் செங்குத்தாக இறங்கும், கால் நீட்ட இடம் இருக்காது, முன் வரிசையில் பாதுகாப்புக் கம்பி கண்ணுக்கு நேரே வரும். தூண் மறைக்கும் இருக்கைகளும் உண்டு. சில அரங்குகளில் முன் சீட்டின் முதுகில் சின்னப் பைனாகுலர் பூட்டி வைக்கும் வழக்கமே இருந்தது. காசு போட்டால் கையில் வரும். அதை வைத்திருந்ததிலிருந்தே தெரியவில்லையா, மேடை எவ்வளவு தூரம் என்று?

அதனால் நிபந்தனைகளில் நீங்கள் தேட வேண்டியது இருக்கை பற்றிய வரியை. எந்த மாடி என்று உறுதி சொல்கிறார்களா? 'பார்வை மறைக்கும் இருக்கை' வரலாமா? இருவருக்கும் அடுத்தடுத்த இடம் தருவார்களா? இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லையென்றால், மோசமானதே வரும் என்று எண்ணித்தான் விலை போட வேண்டும். வயதானவர்கள், படியேற முடியாதவர்கள், உயரத்தில் தலைசுற்றுகிறவர்கள் கூட வந்தால் இந்த விளையாட்டே வேண்டாம். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு அரங்குகளில் தனி முன்பதிவு எண் இருக்கும், உடன் வருபவருக்கும் சேர்த்துச் சலுகை கிடைக்கும் இடங்கள் பல. அந்தச் சலுகையை மிஸ்டரி டிக்கெட்டில் கேட்க முடியாது. நான் அத்தைக்கு அரங்கிடமே நேரடியாகக் கேட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு

பல சலுகைகளில் முதலில் கையில் வருவது வவுச்சர்தான், அதைக் கொடுத்துத்தான் பிறகு டிக்கெட்டாக மாற்ற வேண்டும். பெரும்பாலான வவுச்சர்கள் இரண்டு பேருக்கானவை. நாலு பேர் என்றால் இரண்டு வவுச்சர் வாங்குவோம் இல்லையா? இரண்டுக்கும் ஒரே நாடகம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அப்பாவும் மகனும் ஒரு தெருவில், அம்மாவும் மகளும் இன்னொரு தெருவில் என்று பிரிந்து உட்கார்ந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். நால்வருக்கும் ஒரே பதிவு கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடு போவதென்றால் இன்னும் யோசிக்க வேண்டும். பல நாடகங்களுக்கு வயது வரம்பு உண்டு. சின்னக் குழந்தைகளை உள்ளேயே விடமாட்டார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் நடக்காது. 'தி புக் ஆஃப் மார்மன்' போன்றவை முழுக்கப் பெரியவர்களுக்கானவை. பத்து வயதுப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெளிவதற்குக் காசு கொடுக்க வேண்டுமா? கோடையில் 'கிட்ஸ் வீக்' என்று ஒரு திட்டம் நடக்கும். ஒரு பெரியவர் முழு டிக்கெட் வாங்கினால் ஒரு பிள்ளைக்கு இலவசம். நாடகத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி.

ஆங்கிலம் அதிகம் பழகாத பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா? மியூசிக்கல் வந்தால் பாட்டும் ஆட்டமும் கொண்டுபோய்விடும். மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து இரண்டரை மணிநேரம் பேசும் நாடகம் வந்தால், இடைவேளை ஐஸ்கிரீம்தான் அவர்களுக்கு நினைவிருக்கும்.

நாள், ரயில், மீதிக் கதை

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயிலையும் ஓட்டலையும் முதலில் போட்டுவிடுகிறார்கள், வவுச்சரைப் பிறகு மாற்றப் போகிறார்கள். கேட்ட நாள் கிடைக்காமல் போகும். முதலில் நாடகத் தேதி மின்னஞ்சலில் உறுதியாகட்டும், அப்புறம் ரயில். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரங்களைப் பல சலுகைகளில் விலக்கியிருப்பார்கள். வவுச்சருக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இரவுக் காட்சி பெரும்பாலும் ஏழரைக்குத் தொடங்கி முடியப் பத்தைத் தாண்டும். விடிய விடிய ஓடும் சுரங்க ரயிலான நைட் டியூப் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான். மிஸ்டரி டிக்கெட்டோ பெரும்பாலும் திங்கள் முதல் வியாழனுக்குள்தான் வரும். கடைசி ரயிலைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. 'இருநூறு பவுண்டு மதிப்பு' என்று போட்டிருந்தால், அது அந்த அரங்கின் மிக நல்ல இருக்கையின் விலையாக இருக்கலாம். பட்டியலில் உள்ள நாடகங்களின் சொந்தத் தளத்தில், அதே செவ்வாய்க்கிழமைக்கு அப்பர் சர்க்கிள் என்ன விலை என்று பாருங்கள். சில சமயம் வித்தியாசம் ஐந்து பவுண்டுகூட இருக்காது. லெஸ்டர் ஸ்கொயர் பூங்காவிலேயே 1980 முதல் இருக்கும் டிகேடிஎஸ் (TKTS) என்ற டிக்கெட் கூண்டில் எந்த நாடகம், எந்த இருக்கை என்று தெரிந்தே தள்ளுபடியில் வாங்கலாம். அதை நடத்துவது லண்டன் அரங்குகளின் சங்கம். சுற்றிலும் 'அரை விலை' பலகை மாட்டிய கடைகள் நிறைய, அவை வேறு. 'ஹாமில்டன்' போன்ற நாடகங்களுக்குக் குலுக்கல் டிக்கெட் உண்டு. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில், கூரையில்லாத முற்றத்தில் நின்று பார்க்க மலிவு விலையில் 700 இடம் இருக்கிறது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

பணம் திரும்புமா என்றால், எளிதல்ல. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, தேதி குறித்த கேளிக்கை டிக்கெட்டுகளுக்குக் கிடையாது. கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விலை 100 பவுண்டைத் தாண்டினால்தான் பொருந்தும். 48 பவுண்டுக்கு அது உதவாது. கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து மீட்டுத் தரும் 'சார்ஜ்பேக்' முறையை வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். கட்டாயக் கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் நுழைப்பதற்கு 2025 ஏப்ரலிலிருந்து தடை வந்துவிட்டது. விற்பவர் 'ஸ்டார்' என்ற டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தின் உறுப்பினரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு இந்தப் பிப்ரவரியில் மறுபடி ஒன்று வாங்கினேன். நானும் கணவரும் மட்டும், புதன்கிழமை, கடைசி ரயில் பார்த்து, ஸ்டால்ஸ் என்று எழுதியே கொடுத்த சலுகை. மின்னஞ்சல் வந்தது. அத்தையோடு பார்த்த அதே நாடகம்.

போனோம். இரண்டாம் பாதியில் அந்த நடிகர் இடது மூலைக்கு ஓடினார். மறுநாள் காலையிலேயே திருச்சிக்கு வீடியோ கால் போட்டேன்.

"அத்தை, அந்த ஆள் சோபாவுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருந்தான்."